கிராஞ்சி ஆடுகளும் மௌனத் தியானமும்

ஓய்வு பெற்றவர்கள் எழுதியதை இளையவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். முதல் பத்தியைப் படித்துவிட்டுக் கடைசிப் பத்திக்குத் தாவி, வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிடுவீர்கள். நானும் அப்படிச் செய்துகொண்டிருந்தவள்தான். அதனால் முக்கியமானதை நடுவில் வைத்திருக்கிறேன்.

தமிழில் எழுதுகிறேனே என்று உங்களில் சிலர் முகம் சுளிக்கலாம். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் என் கை தானாகவே 'மேற்குறிப்பிட்ட விவகாரம் தொடர்பில்' என்று அறிக்கை எழுத ஆரம்பித்துவிடுகிறது. இத்தனை வருடப் பழக்கம், லேசில் போகுமா? தமிழில் நான் ஒரு அறிக்கைகூட எழுதியதில்லை. எனவே கொஞ்சம் உண்மையாக இருக்க வாய்ப்பிருக்கிறது.

சத்தப் புகார்களை விசாரிக்கும் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். சத்தம் அளக்கும் மீட்டரை எந்த உயரத்தில் வைப்பது, காற்றடித்தால் என்ன செய்வது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அதில் சொல்லித் தராத ஒன்று உண்டு. ஊரில் எந்தச் சத்தமும் நம் மீட்டருக்காகக் காத்திருப்பதில்லை. தோ பாயோவில் ஒரு அடுக்குமாடி புளோக்கின் கீழே சேவல் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. பாதிப்பேர் அதைப் பிடித்துக்கொண்டு போகச் சொன்னார்கள், மீதிப்பேர் அதற்கு அரிசி போட்டார்கள். மூன்று காலைகள் அங்கே போய் நின்றேன். சேவல் என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் பூச்செடியைக் கிளறிக்கொண்டிருந்தது. மீட்டரைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்த மறுநொடி கூவியது. நான் மறுபடி ஜிப்பைத் திறந்தேன், அது மறுபடி செடியைக் கிளறியது. புகார் கொடுத்த அம்மாள் மாடியிலிருந்து பார்த்துச் சிரித்தார். சிரித்தபின் அவருக்குச் சேவல்மேல் இருந்த கோபம் போய்விட்டது. அந்தக் கோப்பு அப்படித்தான் மூடப்பட்டது. ஆனால் எல்லாக் கோப்பும் சிரிப்பில் மூடாது.

கிராஞ்சிக்கு வருகிறேன். எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இருந்து பஸ் பிடித்துப் போனால், இது சிங்கப்பூர்தானா என்று சந்தேகம் வரும் அளவுக்குப் பச்சையாக இருக்கும் அந்தப் பக்கம். அங்கே ஒரு சின்ன ஆட்டுப் பண்ணை. நடத்தியவர் கோவிந்தன் அண்ணன். அறுபதைத் தாண்டியவர், தம் அப்பா காலத்திலிருந்து ஆடுகளோடு வாழ்கிறவர். பால் கறந்து பாட்டிலில் அடைத்து, பழைய காரின் பின்சீட்டில் அடுக்கி, தேக்காவில் இருக்கும் கடைகளுக்கும் சில வீடுகளுக்கும் அவரே கொண்டுபோய்க் கொடுப்பார். பண்ணை நிலம் குத்தகை நிலம். அந்த வருடம் குத்தகையைப் புதுப்பிக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் எதிர்ப்பக்கம் ஒரு தியான இல்லம் வந்து சேர்ந்தது. நடத்தியவர் மிஸ் லோ. வங்கி வேலையை விட்டுவிட்டு, மனசு அமைதிக்காகத் தாமே அலைந்து, பிறகு அமைதியையே தொழிலாக்கியவர். விடிகாலையில் கிராஞ்சி எம்ஆர்டியில் இருந்து ஆட்களை வேனில் ஏற்றிவந்து, மரத்தரையில் உட்கார வைத்து, பேசாமல் இருக்கச் சொல்வார்கள். பேசாமல் இருக்கக் காசு வாங்குகிறார்களா என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டுக்காரர் அப்படி ஒரு இடம் இருந்தால் என்னைச் சேர்த்துவிடத் தயாராக இருந்தார்.

கண்ணை மூடி உட்கார்ந்ததும் எதிர்ப்பக்கம் ஆடுகள் கத்த ஆரம்பித்துவிடும். ஒன்றிரண்டு இல்லை, மொத்தக் கொட்டகையும். மிஸ் லோ முதலில் பொறுத்துப் பார்த்திருக்கிறார். வந்தவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டதும் புகார் கொடுத்தார்.

நம் ஊரில் எல்லாவற்றுக்கும் விதி உண்டு. கட்டுமானத்துக்கு உண்டு, ஆலைக்கு உண்டு, கல்யாணத்துக்கு உண்டு. ஆடு கத்துவதற்குத் தனியாக ஒன்றைக் காணோம். புகார் முதலில் விலங்குகளைப் பார்க்கும் அலுவலகத்துக்குப் போனது. ஆடு ஆரோக்கியமாக இருக்கிறது, கத்துவதே அதற்குச் சாட்சி என்று எழுதி, நிலத்தைப் பார்க்கும் அலுவலகத்துக்குத் தள்ளினார்கள். அவர்கள், சத்தம் நிலத்தில் இல்லை, காற்றில் இருக்கிறது என்று எங்களுக்குத் தள்ளினார்கள். இப்படித் தள்ளிவிடுவதற்கு நம் அலுவலகங்களில், கையால் தள்ளித் தள்ளிச் செய்யும் சீனப் பயிற்சியை வைத்து, தாய்ச்சி என்று பெயர். அதை யாரும் பயிற்சியில் கற்பதில்லை, ஆனால் எல்லாருக்கும் வரும். எங்களுக்கு அடுத்துத் தள்ளிவிட ஆளில்லாததால் கோப்பு என் மேசையில் உட்கார்ந்துவிட்டது.

எங்கள் பெரியவரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். டைரக்டர். யாழ்ப்பாணக் குடும்பம், மூன்றாம் தலைமுறை. ஆங்கிலம் வெள்ளைக்காரனுக்குச் சொல்லித் தரும் அளவுக்குப் பேசுவார். தமிழ் கேட்டால் புரியும், பேச்சில் மட்டும் 'ஆமாம்' என்பதற்கு அம்மாவிடம் கற்ற 'ஓம்' இடையிடையே வந்து விழும். படித்தவர், நேர்மையானவர், ஒரு காசு வாங்கமாட்டார். ஒரே குறை, தம் கையெழுத்துப் போன கடிதம் தப்பாக இருக்கமுடியாது என்று நம்பினார். அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. காரணம் பின்னால் புரியும்.

அலுவலக வழக்கப்படி மீட்டரை வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். ஓட்டுநர் ரஹீம். மலாய்க்காரர், அதிகம் பேசமாட்டார், ஆனால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். தியான இல்லத்து வேலியோரம் மீட்டரை வைத்தோம். ஆடுகள் கத்தின. எண் ஏறியது. இன்னொரு நாள் போனோம். அன்றும் கத்தின. எண் இன்னும் ஏறியது. அன்றைக்கு ஏறியதற்கு ஒரு காரணம், கோவிந்தன் அண்ணன் ஓடிவந்து ஆடுகளைப் பார்த்து "சும்மா இருங்க லா, மேடம் வந்திருக்காங்க" என்று போட்ட சத்தம். பதிவில் உச்சத்தில் நின்றது அவர் குரல்தான்.

இரண்டு அளவும் பொதுவான சத்த வரம்பைத் தாண்டியதால் பெரியவர் கையெழுத்தோடு இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் பண்ணைக்குப் போயின. மூன்றாவதாக நான் இறுதி அறிக்கை எழுத வேண்டும். அது பாதகமாகப் போனால் குத்தகையைப் புதுப்பிக்கிற குழு ஒரே வரியில் முடித்துவிடும். நிலம் அரசாங்கத்துக்குத் திரும்பப் போகும். அந்த வயதில் கோவிந்தன் அண்ணன் ஆடுகளை எங்கே கொண்டுபோவார்? ஈசூனில் அவர் மகன் வீட்டு வரவேற்பறையிலா?

மனிதர் சும்மா இருக்கவில்லை. வேலி நெடுக வலை கட்டினார். கொட்டகைக் கூரையில் பழைய மெத்தைகளை ஏற்றினார். ஆடுகள் மனசு அமைதியாக இருக்கட்டும் என்று ரேடியோவில் நாதஸ்வரம் வைத்தார். எதிர்ப்பக்கம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர்கள் கல்யாண வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று விழித்துப் பார்த்தார்களாம். மிஸ் லோ அதற்கும் ஒரு புகார் அனுப்பினார். நான் போனில் அண்ணனிடம் ரேடியோவை அணைக்கச் சொன்னேன். அணைத்தார். பிறகு ஆடுகளை விற்றுவிடலாமா என்று என்னிடமே கேட்டார். இறுதி அளவு வரட்டும் என்றேன்.

இறுதி அளவுக்குப் போக வேண்டிய அன்று வேன் பழுது. வேறொருத்தராக இருந்தால் ஒத்திப்போட்டிருப்பார்கள். எனக்கு ஒத்திப்போடுவது பிடிக்காது, தவிர அன்றைக்கு அலுவலகத்தில் ஒரு நீண்ட கூட்டம் இருந்தது. மீட்டரை மார்க்கெட் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போய், மெயின் ரோட்டில் இறங்கி, சந்துக்குள் நடந்து போனேன். விடிந்தும் விடியாத நேரம்.

ஒரு சத்தம் இல்லை.

வேலியோரம் நின்றேன். ஆடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. ஒன்று என்னைப் பார்த்தது, பிறகு தன் வேலையைப் பார்த்தது. மீட்டரில் எண் இறங்கிக் கிடந்தது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, பயம். ஆடுகளுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ, அண்ணன் வேதனையில் எதையாவது செய்துவிட்டாரோ என்று ஆடுகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். அந்த நேரம் தியான இல்லத்து வேன் ஆட்களை ஏற்றிக்கொண்டு மெயின் ரோட்டிலிருந்து சந்துக்குள் திரும்பியது. டீசல் வேன். கற்களில் ஏறி உறுமிக்கொண்டு வந்தது. மொத்த ஆடும் எழுந்து நின்று கத்த ஆரம்பித்தது.

வேன் நின்றது. ஆடுகள் இன்னும் கொஞ்ச நேரம் கத்திவிட்டு, ஒவ்வொன்றாக ஓய்ந்து படுத்துக்கொண்டன. அதற்குள் எதிர்ப்பக்கம் எல்லாரும் கண்ணை மூடி உட்கார்ந்து, கத்தலைக் கேட்டு, கண்ணைத் திறந்திருப்பார்கள்.

அதே மாதிரி ஒரு டீசல் வேனில்தான் தினமும் காலையில் தவ்வூ என்கிற சோயாக்கட்டி செய்யும் ஆலையிலிருந்து சோயாச் சக்கை வரும் என்று பண்ணைக் கோப்பில் படித்திருந்தேன். ஆடுகளுக்கு அதுதான் உயிர். வேன் சத்தம் கேட்டால் தீவனம் வருகிறது என்று அர்த்தம். யாருடைய வேன் என்று பார்க்க ஆடுகளுக்கு என்ன அவசியம்? மிஸ் லோவின் வேன் வந்தாலும் கத்தின. எங்கள் வேன் வந்தாலும் கத்தின. வருவது தீவனம் இல்லை என்று நம்பிக்கை போகக் கொஞ்ச நேரம் ஆகும். அவ்வளவுதான். நாங்கள் இரண்டு தடவை போய்ப் பெருமையாக அளந்துகொண்டு வந்தது, எங்கள் வேனுக்கு ஆடுகள் கொடுத்த வரவேற்பை.

அந்தச் சந்தில் நின்று நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அமைதியைத் தேடி வேனில் வந்தவர்கள் வேனோடு சத்தத்தையும் கூட்டி வந்திருக்கிறார்கள். சத்தத்தை அளக்க வந்தவர்களும் அதையே செய்திருக்கிறோம். சிரித்து முடித்ததும் மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.

தம்பிகளே, தங்கைகளே, இங்கேதான் கவனமாகப் படிக்க வேண்டும். உண்மை கையில் இருக்கிறது. உடனே அறிக்கையாக எழுதிப் பெரியவர் மேசையில் வைத்திருக்கலாம். நீங்களாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பீர்கள். நானும் பஸ்ஸில் திரும்பும்போது மனசுக்குள் பாதி எழுதிவிட்டேன். பிறகு பெரியவர் அதைப் படிப்பதை நினைத்துப் பார்த்தேன். அறிக்கையின் அர்த்தம் என்ன? ஐயா, உங்கள் கையெழுத்தில் போன இரண்டு கடிதங்களும் உங்கள் வேனால் வந்த தப்பு. அவர் கோபப்படமாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, 'மேலும் ஆய்வு தேவை' என்று ஓரத்தில் எழுதுவார். ஒரு நிபுணர் வருவார். ஆட்டுக்குக் காது கேட்குமா என்று ஆராய்வார். அதற்குள் குத்தகைக் குழு கூடி, இருக்கிற இரண்டு கடிதங்களைப் பார்த்து முடிவெடுத்துவிடும். உண்மை வெல்லும்தான். ஆனால் அது வந்து சேரும்போது பண்ணையில் ஆடு இருக்காது.

நான் சொல்வது சரியாக இருக்க வேண்டுமா, சமயத்துக்கு வந்து சேர வேண்டுமா? இரண்டும் வேண்டுமென்றால் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. கண்டுபிடித்தவள் நான் என்ற பெருமையை. சொல்லும்போது லேசாக இருக்கிறது. அன்றைக்கு எனக்கு அது கசந்தது. இத்தனை வருடத்தில் உருப்படியாக நான் கண்டுபிடித்தது அது ஒன்றுதான்.

மறுநாள் பெரியவர் அறைக்குப் போய், இறுதி அறிக்கைக்கு முன் அவர் நேரில் வந்து பார்த்தால் மிஸ் லோவுக்கு ஒரு திருப்தி இருக்கும் என்றேன். ஓம், வரலாம் என்றார். சாவி வாங்கும் சாக்கில் ரஹீமிடம் போய், பழுது பார்த்த வேனில் பெரியவரை ஏற்றிவரச் சொன்னேன். நான் முன்கூட்டியே பஸ்ஸில் போய்விடுவதாகவும், அங்கே எந்த வேலை சொன்னாலும் ஏன் என்று கேட்காமல் வண்டியை எடுக்க வேண்டும் என்றும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்த ஆடுகள் விஷயமா என்று மட்டும் மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன். வேறெதுவும் கேட்கவில்லை. இப்படி ஒரு ஓட்டுநர் வாய்த்தால் அவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள்.

பெரியவர் வரவிருந்த அன்று காலை நான் தியான இல்லத்துத் தாழ்வாரத்தில் மீட்டரை வைத்துவிட்டு மிஸ் லோவோடு நின்றேன். ஆடுகள் இன்றைக்கு அமைதியாக இருக்கின்றனவே என்று அவர் ஆச்சரியப்பட்டார். நானும் சேர்ந்து ஆச்சரியப்பட்டேன். பெரியவரின் வேன் சந்துக்குள் திரும்பியதும் கொட்டகை வெடித்தது. பெரியவர் இறங்கிச் சட்டையைச் சரிசெய்துகொண்டு, மீட்டரைப் பார்த்து, இதற்காகத்தான் கடிதம் அனுப்பினோம் என்று மிஸ் லோவிடம் திருப்தியாகச் சொன்னார்.

ஆடுகள் ஓய்ந்தன. நான் ரஹீமிடம், பஸ் ஸ்டாப்பில் என் குடையை மறந்துவிட்டேன், எடுத்து வரமுடியுமா என்றேன். போனார். அமைதி. திரும்பி வந்தார். கத்தல். குடை அங்கே இல்லை என்றார். இருக்காதுதான், அது என் பையில் இருந்தது. அப்படியானால் எல்லாருக்கும் கோப்பி வாங்கி வாருங்களேன் என்றேன். போனார். அமைதி. கோப்பியோடு வந்தார். கத்தல். அந்த நேரம் மிஸ் லோவின் சொந்த வேனும் அடுத்த கோஷ்டியை ஏற்றிக்கொண்டு வந்தது. அதற்கும் கத்தல்.

பெரியவரின் தலை பூப்பந்து ஆட்டம் பார்ப்பவரைப்போலச் சந்துக்கும் கொட்டகைக்கும் திரும்பிக்கொண்டிருந்தது. கோப்பியைக் குடிக்க மறந்துவிட்டார். அடிப்படையில் மனிதர் எஞ்சினியர், பதவி வந்தபின் அந்த ஆசையெல்லாம் உள்ளே போய்ப் படுத்துவிட்டிருந்தது. இப்போது எழுந்து உட்கார்ந்தது. கையை உயர்த்தி எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். ரஹீமைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை மெயின் ரோடு வரை போய் வரச் சொன்னார். ரஹீம் என்னைப் பார்க்கவே இல்லை, நல்ல மனிதர். போய் வந்தார். ஆடுகள் கைவிடவில்லை.

பெரியவர் என் பக்கம் திரும்பி, வேன், சரோஜா, வேன்தான் காரணம் என்றார். முகத்தில் பள்ளிக்கூடத்துப் பையனின் சந்தோஷம்.

"அப்படியா சார்?" என்றேன். என் உத்தியோக வாழ்க்கையிலேயே சொல்லக் கஷ்டப்பட்ட இரண்டு சொற்கள் அவை.

கோப்பில் படித்த சக்கை வேன், டீசல், பழக்கம் என்று அவரே வரிசையாக எடுத்துச் சொன்னார். நான் ஒவ்வொன்றுக்கும் வியந்தேன். அப்புறம்தான் பெரியவரின் சந்தோஷம் ஓர் இடத்தில் முட்டிக்கொண்டது. அப்படியென்றால் நம் முந்திய அளவுகள் என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க ஆரம்பித்தார். 'மேலும் ஆய்வு' நாக்கின் நுனியில் வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. வேலிக்கு அந்தப்பக்கம் கோவிந்தன் அண்ணன் ஒரு வாளியைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பக்கத்தில் போய், மிஸ் லோவுக்குப் புரியாதபடி தமிழில் சொன்னேன்.

"சார், அந்த லெட்டர் போனப்போ இதை யாருமே கண்டுபிடிக்கல. இப்பதானே நீங்க கண்டுபிடிச்சிருக்கீங்க. வேற யாராவது கண்டுபிடிச்சு நாம லெட்டரை வாபஸ் வாங்கினா அது தப்பு. கண்டுபிடிச்சவரே வாபஸ் வாங்கினா அது சயின்ஸ்."

அவர் கண்ணாடியை மாட்டினார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குடை விவகாரம் அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ஓம்" என்றார். பிறகு இன்னொரு தடவை, "ஓமோம்."

இரண்டு கடிதங்களும் அந்த வாரமே திரும்பப் பெறப்பட்டன. புதிய கண்டுபிடிப்பின் அடிப்படையில் என்று எழுதியிருந்தது. இறுதி அறிக்கையை நான் தட்டச்சு செய்தேன், பெரியவர் சொல்லச் சொல்ல. ஒரு வரியும் பொய் இல்லை, ஒரு வரியிலும் நான் இல்லை.

மீதி வேலை மிஸ் லோவிடம் இருந்தது. வேனைச் சந்துக்குள் கொண்டுவர வேண்டாம், மெயின் ரோட்டிலேயே இறக்கிவிடுங்கள் என்று நான் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. வருகிறவர்கள் நடப்பார்களா, விட்டுவிட்டுப் போய்விடமாட்டார்களா என்று கேட்டார். வங்கி வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒன்றை ஆரம்பித்தவரின் பயம் அது, அதைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. அதனால் கேலியையே ஒரு யோசனையாக்கி அவர் கையில் கொடுத்தேன். நடக்க வேண்டும் என்று ஏன் சொல்கிறீர்கள், மௌன நடை என்று சொல்லுங்கள் என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். அடுத்த மாதம் அவர்களுடைய இணையப் பக்கத்தில் 'விடிகாலை மௌன நடை' என்று படத்தோடு வந்திருந்தது. தனிக் கட்டணம்.

கோவிந்தன் அண்ணனும் தம் பங்குக்குச் சக்கை வேனைத் தியானம் முடிந்தபின் வரச் சொல்லி மாற்றிக்கொண்டார். ஆடுகள் அப்போது கத்தும்தான். அதைக் கேட்டு மிஸ் லோவின் ஆட்கள் கண்ணைத் திறந்து பசியாறப் போவார்கள். மணி அடிக்கும் செலவு மிச்சம் என்று மிஸ் லோவே என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

எச்சரிக்கை எதுவும் இல்லாத சுத்தமான கோப்போடு குத்தகை புதுப்பிக்கப்பட்டது. அதற்குப் பிறகு பெரியவர் இந்த விஷயத்தை ஒரு கருத்தரங்கில் பேசினார், அடுத்து இன்னொன்றில், பிறகு வெளிநாட்டில். அளப்பவரே அளவை மாற்றிவிடும் ஆபத்து என்று தலைப்பு. முதல் படமே ஓர் ஆடு. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். மனசு குளிர்ந்தது என்று சொன்னால் பொய். வயிறு எரிந்தது. வீட்டுக்குப் போய் அன்றைக்கு மீனைக் கருக்கிவிட்டேன். உங்களுக்கும் ஒருநாள் இப்படி நடக்கும். அப்போது வயிறு எரியட்டும், அதில் தப்பில்லை. யாருக்காக வாயை மூடிக்கொண்டோம் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். அப்படி மறந்தவர்கள் அடுத்த கூட்டத்தில் வாயைத் திறந்துவிடுகிறார்கள், செய்த நல்லதும் விட்டுக்கொடுத்த பெருமையும் இரண்டும் கெட்டுப்போகிறது.

அந்த வருடம் தீபாவளிக்கு முன்னால் சிராங்கூன் சாலையில் விளக்குகள் போட்டுவிட்டார்கள். தேக்கா மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஒரு தேநீர்க் கடை வாசலில் கோவிந்தன் அண்ணன் பால் பாட்டில் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, வேட்டி கட்டாத இடுப்பில் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவதுபோல ஒரு மரியாதை செய்தார். உங்கள் பாஸ் பெரிய மூளைக்காரர், ஆட்டின் மனசைப் படித்துவிட்டார் என்று கடைக்காரருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். நான் சிரித்துவைத்தேன். வேறென்ன செய்வது?

ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார். வாங்கக்கூடாது, எங்கள் விதி என்றேன். அவர் பாட்டிலைத் திரும்ப வைத்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"நீங்க பஸ்ல வந்து வேலியோரமா நின்னு தனியா சிரிச்சீங்கள்ல, அன்னிக்கு நான் கொட்டகைக்குள்ளதான் இருந்தேன், தங்கச்சி."

அதுவரை என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டிருந்தார். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எதுக்குச் சொல்லணும்? நீங்க ஏதோ ஆட்டம் ஆடப் போறீங்கன்னு தெரிஞ்சுது. நடுவுல நான் பூந்தா கெட்டுடும் லா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, ஆடுகள் எப்படி இருக்கின்றன என்று கேட்டேன். நன்றாக இருக்கின்றன, ஒரு ஆடு இரட்டைக் குட்டி போட்டிருக்கிறது, ஒன்று கடா, ஒன்று பெட்டை என்றார். உதவி செய்தவர்களுக்கு வேறெப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் அவற்றுக்குப் பெயர் வைத்துவிட்டாராம். கடாவுக்குப் பெரியவர் பெயர். பெட்டைக்குச் சரோஜா.

அங்கேயும் அவர் பெயர்தான் முதலில் வருகிறதா என்று கொஞ்சம் சுருக்கென்றுதான் கேட்டேன். அண்ணன் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"கடாக்குட்டி இந்தத் தீபாவளி வரைக்கும்தான், தங்கச்சி. சரோஜா குத்தகை முடியிற வரைக்கும் பண்ணையில இருப்பா."

பெரியவருக்கு வழக்கம்போலத் தீபாவளி வாழ்த்து அனுப்பினேன். வழக்கம்போல அவரும் நீளமாக நன்றி அனுப்பினார். அந்த வருடம் எங்கள் வீட்டில் எல்லாரும் மட்டன் கேட்டார்கள். நான் கோழிக் குழம்புதான் வைத்தேன்.